டொல்பின் வானின் இஞ்சினை இறக்க முதல்

கோண்டாவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் 1996ஆம் ஆண்டு டொயோட்டா ஹயஸ் வான், டொல்பின் என்று நாங்கள் சொல்வது, ஒன்று நிற்கிறது, 3எல் வகை டீசல் இஞ்சின், அப்பா வாங்கியது. காலையில் ஸ்ரார்ட் எடுக்க நேரம் செல்கிறது. எடுத்தவுடன் வெள்ளைப் புகை தள்ளி வான் முழுக்க உதறுகிறது, இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. ஆட்களை ஏற்றினால் இழுவை இல்லை, பின்னால் கறுப்புப் புகை. போன மாதம் ஒன்பது பேரோடு ஏசியும் போட்டுக்கொண்டு ஏ9 வீதியில் போனபோது, மாங்குளம் தாண்டியதும் சூட்டு முள் ஏறியிருக்கிறது. வேகத்தைக் குறைத்ததும் இறங்கியிருக்கிறது. ஒரு மெக்கானிக் ஹெட் கஸ்கற், அதாவது இஞ்சினின் தலைக்கும் புளொக்குக்கும் இடையில் இருக்கிற தகடு, போய்விட்டது என்கிறார். இன்னொருவர் டீசல் பம்ப் என்கிறார். மூன்றாமவர் இஞ்சினை இறக்கி முழு ஓவர்ஹோல் செய்யச் சொல்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்கு அக்கா குடும்பம் வெளிநாட்டில் இருந்து வருகிறது, கட்டுநாயக்கவுக்குப் போய் ஏற்றி வர வேண்டும். யாருடைய சொல்லைக் கேட்பது?

தம்பி, வானுக்கு என்ன வருத்தம் என்பதைவிட, எந்த மெக்கானிக்கின் கையில் காசைக் கொடுப்பது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். அதற்கு என் பதில், இப்போதைக்கு மூவரிடமும் கொடுக்க வேண்டாம். நீங்கள் சொன்னதில் மூன்று முறைப்பாடுகள் இருக்கின்றன. மூன்று மெக்கானிக்குகளும் மூன்றையும் ஒரே வருத்தமாக எடுத்திருக்கிறார்கள், அதனால்தான் ஆளுக்கொரு பெரிய பெயர் சொல்கிறார்கள். காலையில் உதறுவதும், ஏ9இல் சூடேறுவதும், கறுப்புப் புகையும் தனித்தனிக் காரணங்களால் வரலாம். ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்ன விசயமாகவே முடியக்கூடும்.

நான் 1991இல் பெரியப்பாவின் கராஜில் கைவேலைக்குச் சேர்ந்தவன். அப்போது பொருளாதாரத் தடை, பெற்றோல் கண்ணுக்குத் தெரியாது. மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் காரையும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். காபரேற்றருக்குள் நாலைந்து துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் எடுத்து, பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். ஒரு இஞ்சின் ஓட என்ன தேவை, எது குறைந்தால் என்ன சத்தம் போடும் என்று அந்த நாள்கள்தான் எனக்குப் படிப்பித்தன. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு டொல்பின்கள் இங்கே வரத் தொடங்கின. அன்று முதல் என் கையில் அதிகம் கழன்றது இந்த 2எல், 3எல் இஞ்சின்கள்தான். ஆனால் உங்கள் வானை நான் பார்க்கவில்லை, அதன் சத்தத்தைக் கேட்கவில்லை. அதோடு பம்பைப் பிரித்து மேசையில் பூட்டி அளக்கிற வேலை என்னுடையது அல்ல, அது பம்ப் கடைக்காரரின் தொழில். ஆகவே நிச்சயமாகச் சொல்லக்கூடியதை நிச்சயமாகச் சொல்கிறேன், மற்றதற்கு எப்படிச் சோதிப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் காலைப் பிரச்சினை. நாளைக் காலை யாரும் வானைத் தொட முதல் ஒருவரை சைலன்சர் பக்கம் நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். இஞ்சின் சுற்றும்போதே, பிடிக்க முதலே, சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறதா என்று அவர் பார்க்க வேண்டும். புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. புகையே இல்லாமல் வெறுமனே சுற்றினால் டீசல் உள்ளே போகவில்லை. இந்த ஒரு பார்வையே பாதி வேலையை முடித்துவிடும்.

புகை இல்லாவிட்டால் டீசல் லைனில் காற்று இழுக்கிறது என்று எடுக்கலாம். இரவு முழுக்க வான் நிற்கும்போது டீசல் தாங்கிக்குத் திரும்பி இறங்கிவிடும். அதற்கு அடுத்த நாள் காலை, சாவியைத் தொட முதல், டீசல் பில்டரின் தலையில் இருக்கிற கைப்பம்பை அமத்திப் பாருங்கள். நாலைந்து அமத்தலில் கை இறுகினால் லைன் நிரம்பியிருக்கிறது. இருபது முப்பது தரம் அமத்தியும் பஞ்சு மாதிரிப் போய், பிறகு இறுகி, அதற்குப் பிறகு ஒரே சுற்றில் ஸ்ரார்ட் எடுத்தால் ஐமிச்சமே வேண்டாம், எங்கோ காற்று இழுக்கிறது. பழைய ரப்பர் குழாய், கிளிப், பில்டரின் வொசர், கைப்பம்பின் டயபிரம், இவற்றில் ஒன்று. சந்தேகமான இடத்தில் தெளிவான பிளாஸ்ரிக் குழாய்த் துண்டு ஒன்றைப் பூட்டினால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

உங்கள் வான் வெள்ளைப் புகையோடு பிடித்து உதறுகிறது என்கிறீர்கள். அதனால் எனக்குக் காற்றைவிட, ஸ்ரார்ட் எடுக்க முதல் சிலிண்டரைச் சூடாக்குகிற ஹீற்றர் பிளக் மேல்தான் சந்தேகம். இந்த இஞ்சினில் நாலு பிளக், நாலையும் ஒரு உலோகப் பட்டி இணைக்கும். ஒன்றிரண்டு செத்தாலும் எங்கள் காலநிலையில் இஞ்சின் பிடித்துவிடும், ஆனால் சூடேறும்வரை அந்தச் சிலிண்டர்கள் எரியாமல் உதறும். மார்கழிக் காலையில் இன்னும் கூடும். டாஷ்போட்டில் ஹீற்றர் லைற் எரிந்து அணைகிறது, ஆகவே பிளக் நல்லது என்று பலர் சொல்வார்கள். அது பிழை. அந்த லைற் நேரத்தைக் கணக்கிட்டு அணைவது, பிளக் வேலை செய்கிறதா என்று அதற்குத் தெரியாது. முன் ஆசனத்தைத் தூக்கி, பட்டியைக் கழற்றி, பற்றரியின் பிளஸ் முனையில் இருந்து ஒரு டெஸ்ற் லைற்றை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வையுங்கள். எரிந்தால் பிளக் உயிரோடு இருக்கிறது, எரியாவிட்டால் செத்துவிட்டது. நாலும் நல்லதென்றால் பட்டியைத் திரும்பப் பூட்டி, சாவி போட்டதும் அதற்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ரிலே. பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஓவர்ஹோல் என்று சொல்பவர் வானைப் பார்க்கவில்லை என்றே நான் சொல்வேன்.

பிளக்கும் கரண்டும் சரி, ஆனாலும் உதறுகிறது என்றால் நொசில் ஒன்று டீசலைத் தூவாமல் சொட்டலாம், அல்லது ஒரு சிலிண்டரில் கொம்பிரசன், அதாவது காற்றை அமுக்குகிற பலம், குறைந்திருக்கலாம். எந்தச் சிலிண்டர் என்று பிடிக்கிற வழி பழையது. இஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு நொசிலுக்கும் போகிற இரும்புக் குழாயின் நட்டைச் சற்று இளக்குவார்கள். நல்ல சிலிண்டரை இளக்கினால் இஞ்சின் தடுமாறும். ஒன்றை இளக்கியும் சத்தம் மாறாவிட்டால் அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். இதை நீங்கள் செய்ய வேண்டாம், மெக்கானிக் செய்யட்டும். அந்தக் குழாயில் வரும் டீசலின் அமுக்கம் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தின அளவு அடையாளம்தான் தெரியும், உள்ளே விரல் அழுகிவிடும். அப்படி ஏதும் நடந்தால் வலி இல்லாவிட்டாலும் நேரே யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடுத்தது சூடு. இதில்தான் எங்கள் ஊருக்கென்று ஒரு தனி விசயம் இருக்கிறது. கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் அந்தக் கல்லில் ஊறி வருவது. வீட்டுக் கேத்திலின் அடியைப் பாருங்கள், வெள்ளையாய்ப் படிந்து, கரண்டியால் சுரண்டினால் செதில் செதிலாக வரும். தண்ணீர் சூடேறும்போது அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு பிரிந்து சூடான இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. கேத்திலில் நடப்பதுதான் றேடியேற்றருக்குள்ளும் இஞ்சின் புளொக்குக்குள்ளும் நடக்கிறது. தீவுப் பக்கத்துச் சவர்த்தண்ணீர் என்றால் சுண்ணாம்போடு உப்பும் சேர்ந்து உலோகத்தை அரிக்கும். ஒருமுறை சுன்னாகம் பக்கத்து டொல்பின் ஒன்றின் றேடியேற்றர் தலையைத் திறந்தோம். குழாய் வாய்கள் முக்கால்வாசி வெள்ளையாக அடைத்திருந்தன. ஈர்க்கிலைச் செருகினால் ஒரு விரல் நீளம் போய் முட்டி நின்றது. அந்த வான் டவுனுக்குள் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. வவுனியாப் பக்கம் போனால் மட்டும் கொதிக்கும். வாகனக்காரர் இரண்டு தரம் ஹெட் கஸ்கற் மாற்றியிருந்தார், ஒவ்வொரு தரமும் சில மாதங்களில் திரும்பவும் அதே கதை. கஸ்கற் போனது உண்மைதான். ஆனால் அது போகக் காரணமாக இருந்த அடைப்பை யாரும் எடுக்கவில்லை.

உங்கள் வானும் அதே நடையைத்தான் காட்டுகிறது. நின்ற இடத்தில் அல்லது டவுன் நெரிசலில் சூடேறினால் முதலில் பான் மேல் சந்தேகப்பட வேண்டும், காற்று போதவில்லை. பாரத்தோடு வேகமாக ஓடும்போது ஏறி, வேகம் குறைந்ததும் இறங்கினால், காற்று போதும், றேடியேற்றர் வழியே ஓடுகிற தண்ணீர்தான் போதவில்லை. அடைப்பு, சூட்டில் திறந்து தண்ணீரை றேடியேற்றருக்கு விடுகிற தேமோஸ்ரற் முழுக்கத் திறக்காதது, தண்ணீர்ப் பம்பின் செட்டை அரித்தது, இந்த மூன்றில் எங்கள் ஊரில் அடைப்பே முதல். ஹெட் கஸ்கற் கசிந்தாலும் பாரத்தில்தான் சூடேறும் என்பதால் முதல் மெக்கானிக் சொன்னது வீண்பேச்சு அல்ல. அது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்கிற வழியைக் கீழே சொல்கிறேன்.

அடைப்பைப் பார்க்க, வானைக் கொஞ்சத் தூரம் ஓடி நன்றாகச் சூடேற்றிவிட்டு இஞ்சினை நிறுத்துங்கள். றேடியேற்றரின் முகத்தில் புறங்கையால் மெல்லத் தொட்டுத் தொட்டுப் போங்கள். மேலிருந்து கீழே சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவில் ஓரிடம் சட்டென்று குளிர்ந்திருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை. வெளிப்புறத்தையும் பாருங்கள். ஏசியின் கொண்டன்சருக்கும் றேடியேற்றருக்கும் இடையில் செம்மண் தூசியும் பூச்சியும் சேர்ந்து கம்பளி போட்டது மாதிரி நிற்கும். அதைக் கழுவினாலே முள் இறங்கின வான்களை நான் கண்டிருக்கிறேன். கழுவும்போது தண்ணீரை இஞ்சின் பக்கத்தில் இருந்து வெளியே அடிக்க வேண்டும், மெல்லிய தகடுகள் மடியாத அளவுக்கு. மூடியையும் மறக்க வேண்டாம். றேடியேற்றர் மூடி நல்ல அமுக்கம் பிடித்தால் தண்ணீர் ஏறக்குறைய 120 பாகையில்தான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் 100 பாகையிலேயே கொதித்து வெளியே தள்ளிவிடும். இருப்பதிலேயே மலிவான சாமான் அதுதான், மாற்றிவிடுங்கள். சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்கவே கூடாது. ஈரச்சாக்குப் போட்டுத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்று நம்பின ஒரு பையனின் முழங்கை வரை தோல் உரிந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தக் காட்சி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அடைப்பு என்று தெரிந்தால் றேடியேற்றரைக் கழற்றி றேடியேற்றர் கடையில் கொடுத்து, தலையைத் திறந்து கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். குழாய்கள் மெலிந்திருந்தால் புதுக் கோர் போடச் சொல்வார்கள், அது நியாயமான சொல். கடும் அசிற் ஊற்றிக் கழுவுவதை மட்டும் நான் விரும்புவதில்லை. பழைய றேடியேற்றரில் ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதே அந்தச் சுண்ணாம்புதான் என்று கழுவின பிறகுதான் தெரியவரும். பிறகு கிணற்றுத் தண்ணீரை இனிமேல் ஊற்றாதீர்கள். கூலன்ற் என்பது பனி பெய்கிற நாட்டுக்கு என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். கொதிநிலையைக் கூட்டுவதும், உள்ளே துரு பிடிக்காமல் காப்பதும் எங்களுக்கும் தேவையான வேலைதான். காய்ச்சி வடித்த தண்ணீரோடு கலந்து ஊற்றுங்கள். அந்தத் தண்ணீரைக் கடையில் வாங்க வசதி இல்லாவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீரைத் துப்புரவான பாத்திரத்தில், கூரையில் படாமல் பிடித்து வைத்தால் அதில் சுண்ணாம்பு இல்லை. என் பெரியப்பா அப்படித்தான் செய்தார், போத்தல் போத்தலாகக் கராஜின் மூலையில் அடுக்கியிருக்கும்.

சூடேறுகிறது என்றதும் தேமோஸ்ரற்றைக் கழற்றி எறிகிற பழக்கமும் இங்கே இருக்கிறது. உங்கள் வானிலும் எறிந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன், பாருங்கள். பல இஞ்சின்களில் தேமோஸ்ரற் திறக்கும்போதே பைபாஸ் வழியையும் மூடும். அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு றேடியேற்றருக்குப் போகாமலே இஞ்சினுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். அதோடு காலையில் இஞ்சின் சூடேற நேரம் எடுக்கும், வெள்ளைப் புகையும் தேய்மானமும் கூடும். இருப்பது நல்லதா என்று பார்க்க ஒரு சட்டி வெந்நீரில் போடுங்கள். 80 பாகைச் சுற்றில் வாய் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிக்க முதல் நன்றாக விரிய வேண்டும்.

இப்போது ஹெட் கஸ்கற். நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு விசயம்தான் எனக்கு மிக முக்கியம்: தண்ணீர் குறைகிறதா? கீழே ஒரு சொட்டும் விழாமல், ஹோஸ் எதுவும் நனையாமல், வாரா வாரம் தண்ணீர் குறைந்தால் அது சிலிண்டருக்குள் போகிறது. இரவு குளிர்ந்த இஞ்சினில் காலையில் மூடியைத் திறந்து, தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, மூடி போடாமலே ஸ்ரார்ட் எடுத்துப் பாருங்கள். முதல் அரை நிமிடத்தில் ஒன்றிரண்டு குமிழி வந்து நின்றால் அது உள்ளே இருந்த காற்று. சோடாப் போத்தல் மாதிரி இடைவிடாமல் வந்துகொண்டே இருந்து, அக்சிலேற்றரை மிதிக்கக் கூடினால் அது சிலிண்டரின் காற்று, கஸ்கற் அல்லது ஹெட் வெடிப்பு. இன்னொரு அடையாளம், மூடியைப் போட்டு ஸ்ரார்ட் எடுத்து ஒரு நிமிடத்தில், இஞ்சின் இன்னும் குளிராக இருக்கும்போதே, மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகுவது. சூட்டில் இறுகுவது இயல்பு, குளிரில் இறுகுவது இயல்பல்ல. ஒயில் மூடியின் உள்பக்கமும் ஒயில் கம்பியும் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் ஒயிலில் கலந்திருக்கிறது, அன்றே வானை நிறுத்த வேண்டும். ஆனால் ஒயில் சுத்தமாக இருப்பதால் கஸ்கற் நல்லது என்று சொல்ல முடியாது. பல கசிவுகள் ஒயில் பக்கம் வருவதே இல்லை.

குமிழி இருந்தால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். அதை ஏற்றுக்கொண்டு ஒழுங்காகச் செய்யுங்கள். ஹெட் கழன்றதும் புதுக் கஸ்கற் போட்டு மூட விடாதீர்கள். லேத் கடையில் நேர்விளிம்பு வைத்து வளைவு பார்க்க வேண்டும், அமுக்கம் கொடுத்து வெடிப்புப் பார்க்க வேண்டும். சூடேறின எல் வகை இஞ்சின்களில் ஹெட் வெடிப்பது புதினமல்ல. டவுன் ஏஸில் வருகிற 2சி இஞ்சின் இதைவிட மோசம். இன்னொன்றையும் கேளுங்கள். இந்த இஞ்சினுக்குக் கஸ்கற் மூன்று தடிப்பில் வருகிறது. பிஸ்டன் மேலே வரும்போது புளொக்கின் மட்டத்தைவிட எவ்வளவு எழும்புகிறது என்று அளந்துதான் எந்தத் தடிப்பு என்று தீர்மானிக்க வேண்டும். அளக்காமல் கடையில் இருந்ததைப் போட்டால் ஒன்று கொம்பிரசன் குறையும், அல்லது பிஸ்டன் முட்டும். உங்கள் மெக்கானிக் இதை அளப்பாரா என்று கேட்டால், அவர் சொல்கிற பதிலில் இருந்தே ஆளை அறிந்துகொள்ளலாம்.

கறுப்புப் புகைக்கு வருகிறேன். கறுப்பு என்றால் டீசல் கூட, அல்லது காற்றுக் குறைவு. முதலில் எயர் பில்டர். கழற்றி வெயிலில் பிடியுங்கள், மறுபக்க வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள். பில்டரில் இருந்து இஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாய் உள்ளே மடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்குப் பிறகு நொசில் நாலையும் கழற்றிப் பம்ப் கடையில் சோதிப்பது. தூவ வேண்டியது சொட்டினால் காலை உதறலுக்கும் கறுப்புப் புகைக்கும் அதுவே பொதுக் காரணமாக இருக்கும். அதோடு அப்பாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள். எப்போதாவது யாராவது இழுவை போதாது என்று பம்பின் திருகாணியைக் கூட்டிவிட்டார்களா? அப்படிச் செய்தால் இஞ்சினுக்குள் எரிகிற டீசல் கூடும், புகை கூடும், சூடும் கூடும். பாரத்தில் முள் ஏறுவதில் அதற்கும் ஒரு பங்கு இருக்கும். பம்ப் மெக்கானிக் சொன்னதில் உண்மை இருந்தால் அது இந்த இடத்தில்தான் இருக்கும்.

2022இல் டீசலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் எல்லாரும் பரலிலும் கானிலும் சேர்த்து வைத்தோம். சிலர் மண்ணெண்ணெய் கலந்தார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள், பிழையாக நினைக்க மாட்டேன். இந்தப் பம்புக்குத் தனி ஒயில் கிடையாது, டீசலே அதன் உள்ளுறுப்புகளுக்கு ஒயிலும். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புப் போதாது, பம்ப் உள்ளே தேயும். பரலில் இருந்து வந்த தண்ணீர் தாங்கியின் அடியில் இன்னும் நிற்கவும் கூடும். பில்டரின் அடியில் இருக்கிற திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் வைத்தால் தண்ணீர் கீழே தனியாகப் பிரிந்து நிற்கும்.

இழுவைக் குறைவுக்கு இஞ்சினோடு சம்பந்தமே இல்லாத ஒரு காரணமும் உண்டு. பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுவது. ஓடி வந்து நிறுத்தி, நாலு சில்லின் நடுவிலும் கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் வீசினால் அந்தப் பிரேக் விடவில்லை. இஞ்சின் பாவம், கட்டி இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

மூன்றாமவர் சொன்ன ஓவர்ஹோலை நான் முழுக்கத் தள்ளவில்லை. 1996 வான், மீற்றரில் இருக்கிற கணக்கை நம்ப முடியாது. ஆனால் அந்த முடிவுக்கு அளவு வேண்டும். இஞ்சின் ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்து தலைகீழாக அதே வாயில் வையுங்கள். மெல்ல ஆடினால் பரவாயில்லை, தூக்கி எறிந்து பொக் பொக் என்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. பிறகு டீசல் இஞ்சினுக்கான கேஜ் வைத்துக் கொம்பிரசன் அளக்க வேண்டும், பெற்றோல் கேஜ் தாங்காது. இந்த இஞ்சினுக்கு நல்ல நிலையில் சதுர அங்குலத்துக்கு 450 இறாத்தல் சுற்றில் இருக்க வேண்டும். 285க்குக் கீழே போனால், அல்லது சிலிண்டருக்குச் சிலிண்டர் 70க்கு மேல் வித்தியாசம் இருந்தால், அப்போது ஓவர்ஹோல் பற்றிப் பேசலாம். சூடான பிறகு உங்கள் இஞ்சின் அமைதியாக ஓடுகிறது என்பதையும், நீலப் புகை பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை என்பதையும் வைத்துப் பார்த்தால், அது அந்த நிலைக்கு வந்திருக்கும் என்று எனக்குப் படவில்லை. இது என் ஊகம், அளவு வேறு சொன்னால் அளவைத்தான் நம்ப வேண்டும்.

என்ன முடிவாக இருந்தாலும், ரைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் இந்த வேலைகளோடு அதையும் மாற்றிவிடுங்கள். 100,000 கிலோமீற்றருக்கு ஒரு தரம் மாற்ற வேண்டியது. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டும், அப்போது நிஜமாகவே இஞ்சினை இறக்க வேண்டி வரும்.

கட்டுநாயக்கப் பயணத்துக்கு இந்த வானை இப்போது எடுக்காதீர்கள். போக வர 700 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும், வரும்போது ஆட்களோடு பெட்டிகளும் ஏறும். வாடகை வான் ஒன்று பிடியுங்கள். அந்தக் காசு ஒரு ஹெட்டின் விலைக்குக் கிட்டவும் வராது. உள்ளூரில் ஓடும்போது முள் நடுவைத் தாண்டினால் ஏசியை நிறுத்தி, ஓரம் கட்டி, இஞ்சினை நிறுத்திவிட்டு அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆற விடுங்கள். முள் திடீரென்று கீழே விழுந்தாலும் நிறுத்துங்கள், தண்ணீர் முழுக்கப் போய்விட்டால் உணரிக்குச் சூடு தெரியாமல் முள் பொய் சொல்லும்.

இந்தக் கிழமைக்குள் மூன்றை மட்டும் பார்த்து எனக்கு எழுதுங்கள், தம்பி. பிடிக்க முதல் சைலன்சரில் புகை வந்ததா, ஹீற்றர் பிளக் நாலில் எத்தனை எரிந்தது, மூடி திறந்த றேடியேற்றரில் குமிழி நின்றதா ஓடிக்கொண்டே இருந்ததா. குமிழியை முடிந்தால் போனில் வீடியோவாக எடுத்து அனுப்புங்கள், சத்தமும் விழட்டும்.